மூன்று மடங்கு முகம்

"உன் இஷ்டம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது அவர் வாயில் பற்பசை நுரை இருந்தது. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பெண்டாட்டி, வெளியூரில் இரண்டு வருஷ வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா வேண்டாமா என்று கேட்கிறாள். நுரையைத் துப்பிவிட்டாவது பதில் சொல்லியிருக்கலாம்.

நான் டவர் கிரேன் ஆபரேட்டர். கட்டடம் கட்டும் இடங்களில் ஆகாயத்தில் ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் தோளருகே ஒரு கண்ணாடிப் பெட்டி தெரியும். அதற்குள் உட்கார்ந்திருப்பது நான்தான். ஐம்பத்தெட்டு மீட்டர் உயரம். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவும் என்னோடு ஏறிவிடும். என் வீட்டுக்காரர் ரோட்டில் கோடு போடுகிறவர். நடுக்கோடு, ஓரக்கோடு, ஜனங்கள் கடக்கிற வெள்ளைப் பட்டை, அம்புக்குறி, 'மெதுவாகச் செல்லவும்' எல்லாம் அவர் கைவேலை. உயரம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டில் பல்பு போனால் ஸ்டூலில் ஏறுவது நான், ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது அவர். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்பார்.

கூப்பிட்ட வேலை ஒரு பெரிய பாலம். எண்பத்தைந்து மீட்டர் கிரேன். அந்த உயரத்தில் ஓட்டுவதற்கு ஆட்கள் குறைவு, பெண்கள் இல்லவே இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். எனக்குப் போக ஆசை. ஆனால் இந்த மனுஷனை விட்டுவிட்டுப் போக ஆசையா என்று கேட்டால், அதைத்தான் அவரிடம் கேட்கப் போனேன்.

போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போ என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போய் நின்றேன். 'உன் இஷ்டம்' என்பது காபியா டீயா என்று கேட்டால் சொல்கிற பதில். அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அவர் வாயிலிருந்து உருப்படியாக ஒரு வார்த்தை வந்தால் சரி. வராவிட்டால் பெட்டியைக் கட்டுவது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அங்கே போய் ஆற அமர யோசித்துக்கொள்ளலாம். மகளிடம் போனில் இதைச் சொன்னபோது, "அப்பா எப்பவும் அப்படித்தானேம்மா" என்றாள். அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, "பைபாஸ்ல வேலை. பத்து நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பைபாஸ் என் கேபினிலிருந்து வலது பக்கம் நாலு கிலோமீட்டரில் தெரிகிறது. அங்கே யாரும் கோடு போடவில்லை. அவருடைய வேன் நின்றிருந்தது எனக்கு நேர் கீழே, எங்கள் சைட்டை ஒட்டியிருந்த பழைய பஸ் டிப்போவில். பஸ்களெல்லாம் புது இடத்துக்குப் போய்விட்டன. அடுத்த மாதம் அந்தத் தரையைப் பெயர்க்கப் போகிறார்கள். அதுவரைக்கும் எண்பது மீட்டர் நீளத்துக்குத் தார்த் தரை சும்மா கிடந்தது. வருஷக்கணக்காக அந்த டிப்போவுக்குக் கோடு போட்டவர் என்பதால் சாவி வாங்குவது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்காது. தெருப்பக்கம் போகிற நான் பார்த்துவிடக்கூடாது என்று கேட்டில் தார்ப்பாய் கட்டியிருந்தார். வேனைச் சுவரோரமாக ஒளித்து நிறுத்தியிருந்தார். கிரேனில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் திறந்தவெளியில் ரகசிய வேலை பார்க்கலாம் என்று நினைத்த முதல் மனுஷன் அவராகத்தான் இருப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. அண்ணாந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். மேலே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியுமே தவிர, மேலிருந்து என்ன தெரியும் என்று யோசித்ததே இல்லை.

முதல் இரண்டு நாள் டேப்பைப் பிடித்துக் கட்டம் கட்டமாகச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தார். எங்கள் சைட்டில் சிக்னல்காரர் ஒருவர் உண்டு. கட்டடத்தின் உச்சித் தளத்தில் நின்றுகொண்டு, கம்பியை எங்கே இறக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று வாக்கி டாக்கியில் எனக்குச் சொல்வது அவர் வேலை. அவர் என்னிடம் பேசுவதை சைட்டில் வாக்கி டாக்கி வைத்திருக்கும் பதினொரு பேரும் கேட்பார்கள். அது தெரிந்தும் அவர் வாய் சும்மா இருக்காது.

"அக்கா, டிப்போல நம்ம அண்ணன் கட்டம் போட்டுட்டு இருக்காரே. யாராச்சும் செஸ் ஆடப் போறாங்களா?"

"கம்பிய எங்க இறக்கணும்னு சொல்லுங்க."

மூன்றாம் நாள் வெள்ளைக் கோடுகள் வளைய ஆரம்பித்தன. "குதிரை மாதிரி இருக்கு அக்கா" என்றார் சிக்னல்காரர். மேஸ்திரி தன் வாக்கி டாக்கியில் வந்து, குதிரைக்கு இவ்வளவு நீளத் தாடை கிடையாது, அது ஒட்டகம் என்றார். என் வீட்டுக்காரர் நிஜத்தில் என்னதான் செய்கிறார் என்று எனக்கும் புரியவில்லை. இருபத்தாறு வருஷத் தொழிலில் அவர் வரைந்த ஒரே மனித உருவம், ரோட்டைக் கடக்கிற அந்தத் தலையும் குச்சிக் காலும் உள்ள ஆள்தான்.

வியாழக்கிழமை புருவம் போட்டார். எனக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு. சின்ன வயசில் ஜன்னல் கதவு பட்டது. அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்காது. கீழே வெயிலில் வெளுத்துப்போன தார்த் தரையில் கறுப்புப் பெயின்ட்டில் புருவம் நீண்டுகொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்று, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி தொடர்ந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து, ஆபரேட்டர் லைசென்ஸுக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களை எண்ணினேன். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம். நாற்பத்தெட்டு வயசில் ஒருத்தியின் முகத்தை வரைவதற்காக ஒரு மனுஷன் வெயிலில் மண்டி போட்டுத் தவழ்கிறார் என்றால் யாருக்கும் சந்தோஷம் வரும். கல்யாண ஆல்பம் இருக்க, மகள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த நல்ல படம் இருக்க, போலீஸில் பிடிபட்டவள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கும் அந்த போட்டோவை எடுத்தாரே என்று கோபமும் வந்தது. ஆனாலும் மறுநாள் நான் இறக்கிய கம்பிக் கட்டுகள் ஒன்றுகூட எங்கேயும் இடிக்காமல் பூப்போல இறங்கின.

அப்புறம்தான் மூக்கைப் பார்த்தேன்.

மூக்கு ஒன்றரை பஸ் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. பெரிய படத்துக்குப் பெரிய மூக்குதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அகலம் ஒரு லாரி அகலத்தைத் தாண்டவில்லை. அதற்குக் கீழே உதடு வருவதற்குள் டிப்போவில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. தாடை எங்கே போய் நிற்கும் என்று மிச்சத் தரையைக் கண்ணால் அளந்தேன். சிக்னல்காரரையும் மேஸ்திரியையும் மனசுக்குள் மன்னித்தேன்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரோட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ இழுத்து நீட்டிய மாதிரி நெட்டையாக இருக்கும். வண்டியில் வருகிறவனின் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது எழுத்து நசுங்கித் தெரியும். அதனால் முன்கூட்டியே மூன்று மடங்கு நீட்டி எழுதிவிடுவார்கள். ஓட்டுகிறவன் கண்ணுக்கு அது அளவான எழுத்தாகத் தெரியும். என் வீட்டுக்காரர் தரையில் எதைப் போட்டாலும் அகலம் ஒன்று, நீளம் மூன்று. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். வரைந்து முடித்ததும் முப்பதடி தள்ளிப் போய்க் காலி பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்ப்பார். பக்கெட்டில் உட்கார்ந்தால் கண் சரியாகக் கார் ஓட்டுகிறவன் உயரத்துக்கு வரும். ஆகாயத்தில் இருக்கிற பெண்டாட்டிக்கு வரைந்த படத்தையும் தினம் சாயங்காலம் அந்தப் பக்கெட்டில் உட்கார்ந்துதான் சரிபார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டது எனக்கு மேலிருந்து தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை சாப்பிடும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார். "மேலேர்ந்து பாத்தா என்னெல்லாம் தெரியும்?"

"மேகம்."

"கீழ?"

"கீழ பாக்கறதுக்கு எனக்கு நேரம் ஏது."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பாவமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தேன்.

"ரோட்ல எழுத்தை ஏன் இவ்வளவு நீளமா எழுதறீங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கரண்டியை ரோடாகவும் டம்ளரைக் காராகவும் வைத்து அரைமணி நேரம் விளக்கினார். அந்த வருஷம் முழுக்கப் பேசியதைவிட அதிகமாகப் பேசினார். கண் பளபளத்தது. எல்லாம் முடிந்த பிறகு நான் கேட்டேன். "சரி, அதையே மேலேர்ந்து ஒருத்தர் பாத்தா?"

"மேலேர்ந்து யாரு பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னால் அவர் உடைந்துபோவார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு மட்டும் தெரிந்தது. அது என்ன படம் என்று எனக்கு விளங்கவில்லை. போகாதே என்று சொல்கிற படமா, போய் வா என்று வழியனுப்புகிற படமா? வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள். இவர் டிப்போ அளவுக்கு ஒன்று கொடுக்கிறாரோ என்னவோ. பாஸ்போர்ட் போட்டோவை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த முகம் முறைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

செவ்வாய் போயிற்று. புதன், தாடை முடிந்தது. வியாழன், தலைமுடிக்கு நாலு டின் கறுப்பு. அன்றைக்குச் சாயங்காலம் பைபாஸ் வேலை முடிந்துவிட்டது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டினேன். அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது. கேட்டில் இருக்கும் காவல்காரரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். பதினொரு பேரும் கேட்பார்கள் என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது?

"நான்தான்."

"தெரியுது."

"டிப்போ பக்கம் பாரு."

பத்து நாளாக வேறெங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் மரியாதைக்காகக் கிரேனை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினேன். கேட்டில் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டிருந்தார். முழு முகமும் தெரிந்தது. நெற்றி டிப்போவின் ஒரு சுவரில் தொடங்கி, தாடை எதிர்ச்சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

"பாத்துட்டேன்."

"எப்படி இருக்கு?"

சைட்டில் பேச்சு மூச்சில்லை. கம்பி வளைக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"நல்லா இருக்கு."

"நல்லான்னா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

அதோடு முடிந்திருக்கும். சிக்னல்காரருக்கு நல்ல மனசு. தன் பங்குக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லாவிட்டால் தாங்காது. "அண்ணே, பிரமாதம்ணே. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நாங்க மொதல்ல குதிரைன்னு நினைச்சுட்டோம்."

"எவ்வளவு நீளம்?" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் ஒன்றுமே இல்லை.

"ரெண்டு பேரு பங்கு போட்டுக்கலாம்ணே."

"அளவு சரியாத்தான் போட்டேன். பக்கெட்ல உக்காந்து பாத்தேன்" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று அந்த வாக்கியத்தின் நடுவில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வாக்கி டாக்கி கிளிக் என்று அணைந்தது. டிப்போவுக்குள் திரும்பிப் போய் என் தாடைப் பக்கமாக உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். மேலிருந்து பார்க்க அவர் என் முகத்தில் ஒரு மச்சம் அளவுக்குத்தான் இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மூன்று கட்டுக் கம்பி இறக்கினேன். சிக்னல்காரரை அன்று முழுவதும் பெயர் சொல்லாமல் திட்டினேன், எல்லோரும் கேட்டார்கள்.

அவர் எழுந்து எங்கள் இன்ஜினியரைப் பார்க்கப் போனது பதினொரு மணிக்கு. கிரேனில் ஏற அனுமதி கேட்டாராம். இன்ஜினியர் சட்டப்படி நடப்பவர். வெளி ஆள் ஏறக்கூடாது என்றார். அப்புறம், ஏறுவதென்றால் படிவம் நிரப்ப வேண்டும், பெல்ட் போட வேண்டும், சாப்பாட்டு நேரத்தில்தான் ஏற வேண்டும் என்றார். படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் 'அளவு சரிபார்க்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்ஜினியரால் அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா, அண்ணன் ஏறி வர்றாரு" என்றார் சிக்னல்காரர்.

"வேண்டாம்னு சொல்லுங்க. அவருக்கு ஆகாது."

"சொன்னோம்கா. ஏறிட்டாரு."

கேபின் கதவைத் திறந்து ஏணியை எட்டிப் பார்த்தேன். கீழே எங்கேயோ ஒரு வெள்ளை ஹெல்மெட். நான் தினமும் பன்னிரண்டு நிமிஷத்தில் ஏறுகிற ஏணி அது. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று படி, நடுவில் ஒன்பது இடத்தில் நின்று மூச்சு வாங்க இரும்புத் தட்டு உண்டு. அவருக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். படிகளை வாய்விட்டு எண்ணினார். எழுபதாவது படியிலிருந்து எனக்கு அந்த எண்ணிக்கை கேட்க ஆரம்பித்தது. நூற்றுப் பத்தில் நின்றுவிட்டது. என்னங்க என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்புறம் நூற்றுப் பதினொன்று என்று ஒரு குரல் வந்தது.

கேபினுக்குள் வந்ததும் என் நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தரை கண்ணாடி என்பதை நான் சொல்லவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"இப்ப எந்தப் பக்கம் பாக்கணும்?"

"நேரா."

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். நாலு விநாடி பார்த்திருப்பார். மூடிக்கொண்டார்.

"மூணு மடங்கு" என்றார்.

"ஆமா."

"இருபத்தாறு வருஷப் பழக்கம்."

"தெரியும்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"போன வியாழக்கிழமை. புருவம் போட்டீங்கல்ல, அன்னிக்கு."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"நான் என்னத்தைச் சொல்லணும்?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது என்று கீழே முதல் ஹாரன் அடித்தார்கள். இன்ஜினியர் வாக்கி டாக்கியில் வந்து, இரண்டு மணிக்கு கான்கிரீட் வண்டி வருகிறது, பார்வையாளர் உடனே இறங்கவும் என்றார். பார்வையாளர் நாற்காலிக் காலை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"என்னால இறங்க முடியாது" என்றார். அவர் தன்னால் முடியாது என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"கண்ணைத் திறக்காதீங்க. நான் முன்னாடி இறங்கறேன். உங்க காலைப் பிடிச்சு ஒவ்வொரு படியிலயும் நான் வைக்கிறேன். நீங்க கையை மட்டும் மாத்தினா போதும்."

அப்படித்தான் இறங்கினோம். நான் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருடைய செருப்புப் போட்ட காலை, இல்லை, சைட் ஆபீஸில் கொடுத்த பூட்ஸ் அது, இரண்டு சைஸ் பெரிசு, அதைப் பிடித்து ஒரு படி கீழே வைப்பேன். வலது கால். இடது கால். கால் நடுங்குவது பூட்ஸ் வழியாக என் கைக்குத் தெரிந்தது. பயத்தில் சிலருக்கு வாய் அடைத்துப் போகும். இவருக்குத் திறந்துகொண்டது.

முதல் தட்டைத் தாண்டியதும், "அன்னிக்கு நான் பல்லு தேய்ச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"ஆமா. வலது கால்."

"துப்பிட்டு வந்து ஒழுங்கா சொல்லலாம்னு இருந்தேன். வாயைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள நீ கிளம்பிட்ட."

"அதுக்கப்புறம் பதிமூணு நாள் இருந்துச்சே. இடது."

"வாய் வரல."

இன்னும் பத்துப் படி. காற்று கொஞ்சம் அடித்தது. ஏணி ஆடவில்லை, ஆடுவது போல அவருக்குத் தோன்றியிருக்கும். கையை மாற்றாமல் நின்றுவிட்டார். காத்திருந்தேன்.

"போன்னு சொன்னா நானே அனுப்பின மாதிரி. போகாதன்னு சொன்னா நீ நின்னுடுவ. நின்னுட்டு அந்தப் பாலத்தை ஒவ்வொரு தடவையும் டிவில பாக்கறப்ப என்னைப் பாப்ப. ரெண்டுமே என்னால முடியாது. அதான் உன் இஷ்டம்னேன்."

"அதுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"வாயால வரல. கையால வரும்னு பாத்தேன். அதுவும் நீளமாப் போச்சு."

சிரித்துவிட்டேன். ஏணியில் சிரிக்கக்கூடாது என்பது பயிற்சியில் சொல்லித்தருவது. பெல்ட்டை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

"எத்தனையோ போட்டோ இருக்க, அந்த மூஞ்சிய ஏன் எடுத்தீங்க?"

"சிரிக்கிற போட்டோன்னா பல்லை எண்ணி வரையணும்" என்றார். மூன்று படி கழித்து, "அது நீ ஆபரேட்டர் ஆன வருஷம். அந்த போட்டோ எடுத்துட்டு வந்த அன்னிக்கு வீடு பூரா நடந்துக்கிட்டே இருந்த. உக்காரவே இல்ல. எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும்."

அடுத்த சில படிகளுக்கு வலது, இடது என்று சொல்லாமல் காலைத் தட்டிக் காட்டினேன்.

ஐந்தாவது தட்டில் உட்கார வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே பேசினார், எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்து. நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. "நீ இல்லாம ரெண்டு வருஷம் எனக்கு ஓடாது. பல்பு மாத்தறதுக்குச் சொல்லல. நிஜமாவே ஓடாது. இதைச் சொன்னா நீ போக மாட்டியேன்னுதான் சொல்லாம இருந்தேன். இப்ப சொல்லிட்டேன். நீ போகணும். நான் சொன்னதை மறந்துட்டுப் போ."

பதிமூன்று நாளாக நான் கேட்ட ஒரு வார்த்தைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். அவர் முகத்தைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பினேன். அவர் அதற்கும் கண்ணைத் திறக்கவில்லை. இன்ஜினியர் வாக்கி டாக்கியில் கான்கிரீட் வண்டி கேட்டுக்குள் வந்துவிட்டது என்றார். நான் அதன் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

மீதிப் படிகளில் அவர் பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது போல. படிகளை மட்டும் இறங்குமுகமாக எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்று என்று சொன்ன பிறகும் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தரை வந்துவிட்டது என்று சொன்னதும் காலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். சிக்னல்காரர், மேஸ்திரி, காவல்காரர், கம்பி வளைக்கிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் எங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்ல?" என்றார்.

"ம்."

"என்ன சொல்லப் போற?"

"வர்றேன்னு."

சரி என்பது போலத் தலையாட்டினார்.

"நீங்களும் வர்றீங்க" என்றேன். "அங்கயும் ரோடு இருக்கும்."

இந்த இடத்தில் மட்டும் அவர் உன் இஷ்டம் என்று சொல்லியிருந்தால், அதே ஏணியில் திரும்ப ஏற்றிவிட்டுத் தனியாக இறங்கி வரச் சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அதன் உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க கிரேன் எவ்வளவு உயரம்?"

"எண்பத்தஞ்சு மீட்டர்."

ரத்தம் திரும்பிக்கொண்டிருந்த முகம் மறுபடி வெளுத்தது.

"அப்ப மொதல்ல ஏறிப் பாத்துடறேன்" என்றார். "பாத்துட்டு அப்புறம் வரையறேன்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மறுபடி மாட்டி வாரை இறுக்கிக்கொண்டார்.